பத்தாவது பேர்

சிறப்பு உதவி ஆய்வாளர் பழனிவேலிடம் ஒரு பழக்கம் உண்டு. ஓர் ஆளைப் பற்றி விசாரித்து எழுதச் சொல்லி மேலிடத்திலிருந்து தாள் வந்தால், அந்த ஆளின் வீட்டுக்கே போய்விடுவார். பாஸ்போர்ட்டோ அரசு வேலையோ, எதுவானாலும் சரி. ஆளை ஸ்டேஷனுக்கு வரவழைத்து, ஆதார் நகலை வாங்கிக்கொண்டு, ‘நன்னடத்தை உள்ளவர்’ என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். இவரோ உச்சி வெயிலில் ஹெல்மெட்டுக்குள் வெந்தபடி வயலோரத்துக் கடைசி வீடு வரை பைக்கை ஓட்டுவார். தெருவில் நாலு பேரிடம் கேட்பார். எதிர்வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடிப்பார், குடிக்கிற சாக்கில் அங்கேயும் கேட்பார். கூட வேலை பார்க்கும் இளவட்டங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ‘கல்யாணத் தரகர்’ என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார்.

சேத்தியாத்தோப்புப் பக்கத்து விவசாயக் குடும்பம். நாலு அண்ணன் தம்பிகளில் மூன்றாவது ஆள். இருக்கிற நிலத்தைப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாற்றங்கால்தான் தேறும் என்று புரிந்த வயதில் காக்கிக்குப் போனார். முப்பத்தேழு வருடம் ஓடிவிட்டது. யாராவது டீயும் வடையும் வாங்கித் தந்தால் மறுக்கமாட்டார், அதற்கு மேல் கை நீட்டியவர் இல்லை. கடைசி நாலு வருடமாகக் கீரப்பாளையம் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டேஷன். போன வருடம் நவம்பரோடு பணி ஓய்வு பெறவேண்டியவர். அண்ணாமலை நகரை ஒட்டி வாங்கிப் போட்ட மனையில் வீடு எழும்பி, மாடிக்குப் போகும் படி மட்டும் பாக்கி நின்றது. மனைவி ராஜாமணி ஓய்வு நாளுக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று மே மாதமே பட்டியல் போட ஆரம்பித்துவிட்டாள்.

இந்த விசாரணை வேலையை அவர் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பத்து வருடத்துக்கு முன்பு கடலூரில் ஒருநாள் பயிற்சி வகுப்பு நடந்தது. அணுமின் நிலையம், அணு ஆராய்ச்சிக் கூடம் போன்ற இடங்களில் வேலைக்குச் சேருகிறவர்களைப் பற்றி உள்ளூர் போலீஸ் எப்படி விசாரிக்க வேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். விஞ்ஞானியானாலும் புல் வெட்ட வருகிற ஒப்பந்தக் கூலியானாலும் முன்வரலாறு பார்க்காமல் உள்ளே விடக்கூடாது என்பது அரசு விதி. சில அறைகளுக்குள் யாரும் தனியாகப் போக முடியாது, இரண்டு பேராகத்தான் போகவேண்டும். மதிய சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் தூங்கி வழிந்த நேரத்தில், வகுப்பெடுத்த அதிகாரி மேசையைத் தட்டிச் சொன்னார்.

"செவுரு ஏறி வர்றவனைத் தடுக்கத் துப்பாக்கி இருக்கு, கேமரா இருக்கு. கேட் வழியா பாஸைக் காட்டிட்டு உள்ள வர்றவனைத் தடுக்க யார் இருக்கா? நீங்கதான். உங்க ஒரு பக்க ரிப்போர்ட்தான்."

பழனிவேல் அன்று தூங்கவில்லை. கேட்டதை நோட்டில் எழுதிக்கொண்டார். கல்பாக்கத்தை அவர் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. இருந்தாலும் அந்தக் காவலில் தன் கையெழுத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்கிற நினைப்பு அவருக்குள் கெட்டியாக உட்கார்ந்துவிட்டது. அந்த நினைப்பில் கொஞ்சம் கர்வமும் கலந்திருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், ஊருக்கு உபகாரமான கர்வம்தானே.

போன வருடம் ஜூனில் அப்படி ஒரு தாள் வந்தது. வெண்மதி, தகப்பனார் பெயர் காத்தவராயன், வயது இருபத்திரண்டு, பி.எஸ்சி. இயற்பியல், வெள்ளியங்கரை காலனி. கல்பாக்கத்தில் பயிற்சிப் பணிக்குத் தேர்வாகியிருந்தாள். பழனிவேலுக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டேஷன் எல்லையில் அப்படி ஒரு வேலைக்கு யாரும் போனதில்லை, அதுவும் ஒரு காலனிப் பெண்.

"பாத்தியா இளவரசு! தகப்பன் இல்லாத புள்ள. ஆத்தாக்காரி நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போயே படிக்க வச்சிருக்கு" என்று கான்ஸ்டபிள் இளவரசுவிடம் தாளை ஆட்டிக் காட்டினார்.

வழக்கு ஏதும் உண்டா என்று கேட்கும் கட்டத்தில் அந்தப் பெண் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அதைச் சரிபார்க்க இளவரசு கணினியில் பேரைத் தட்டினான். ஒரு வழக்கு வந்து நின்றது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு, மே மாதம். வெள்ளியங்கரையில் காலிக்குடங்களுடன் சாலை மறியல். சட்டவிரோதமாகக் கூடியது, போக்குவரத்தைத் தடுத்தது. பத்துப் பேர் மற்றும் சிலர். பத்தாவது பேர், வெண்மதி, வயது நாற்பது. கீழே முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்தவரின் கையெழுத்து. அதைப் பழனிவேல் அடையாளம் காணத் தேவை இருக்கவில்லை. அது அவருடைய கையெழுத்து.

அந்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. போர் மோட்டார் எரிந்து பன்னிரண்டு நாளாகக் காலனிக்குத் தண்ணீர் இல்லை. பெண்கள் குடங்களைச் சாலை நெடுக வரிசையாக வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு மணி நேரம் பேருந்துகள் நின்றன. பி.டி.ஓ. வந்து வாக்குக் கொடுத்ததும் டேங்கர் வந்தது, எல்லோரும் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனார்கள். அதோடு முடிந்திருக்கவேண்டிய விஷயம். ஆனால் சாலை மறித்தால் வழக்கு எழுதியாக வேண்டும், எழுதாவிட்டால் மேலே கேள்வி வரும். அறுபது பெண்களைப் பிடித்து விசாரிக்க யாருக்கு நேரம் இருக்கிறது? அதற்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. போலீஸ் ஊருக்குள் போய் "பத்துப் பேரு குடுங்க" என்று கேட்கும். ஊரும் கூடிப் பேசிப் பத்துப் பேரைக் கொடுக்கும். நடமாட முடியாத கிழவி, திருப்பூருக்குப் போய்விட்டவள், வேறு ஊருக்குக் கட்டிக் கொடுத்தவள் என்று, பிடிக்கப் போனால் கிடைக்காத பேராகப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். போலீஸுக்கும் அது தெரியும். அந்த வழக்கில் யாரையும் கைது செய்வதில்லை, கோர்ட்டுக்கும் அது போய்ச் சேர்வதில்லை. இரண்டு பக்கமும் இதைத் தப்பு என்று நினைத்ததே கிடையாது.

அன்று தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றபடி பழனிவேல் அந்தப் பத்துப் பேரை எழுதினார். வந்த பெண்களெல்லாம் நடுவயதுக்காரர்களாக இருந்ததால், சிலருக்கு வயதை அவரே நாற்பது என்று போட்டுக்கொண்டார்.

"வேற வெண்மதியா இருக்கும் ஐயா. இதுல நாப்பதுன்னு இருக்குதே" என்றான் இளவரசு.

"இருக்கும். போயிப் பாத்துட்டு வந்துடுறேன்" என்றார் பழனிவேல். நாற்பது என்று போட்டது யார் என்று அவர் சொல்லவில்லை.

வெண்மதியின் தாய் தைலம்மாள் அவர் வருவதைப் பார்த்ததுமே பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உள்ளே பெண் எதையோ படித்துக்கொண்டிருந்தாள். பழனிவேல் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். பிறகு, போகிற போக்கில் கேட்பதுபோல, "ஏம்மா, இந்த ஊர்ல வேற வெண்மதி யாராச்சும் இருக்காங்களா? ஒரு நாப்பது வயசுல?" என்றார்.

தைலம்மாளின் முகம் செத்துப்போனது.

"இல்லீங்க. எம் மவ ஒருத்திதான்."

"அப்ப அந்த மறியல் கேசுல..."

"நாந்தாங்க குடுத்தேன். நீங்கதான் பத்துப் பேரு வேணும்னீங்க. ஒம்போதுதான் தேறுச்சி. யாரும் பேரு குடுக்க மாட்டேன்னுட்டாளுவ. இவ அப்ப காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தா. ஊர்லயே இல்லாதவள என்னா பண்ணிடப் போறாங்கன்னு சொல்லிட்டேன். அதோட மறந்தும் பூட்டேன். இப்ப அது வந்து நிக்கிதா சாரு?"

அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வெண்மதி வெளியே வந்து நின்றாள். தாயைப் பார்த்தாள். மகள் கத்தியிருந்தால் தைலம்மாளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை.

"எம் மேல கேசு இருக்குதா? ஃபாரத்துல இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கேனேம்மா" என்றாள்.

பழனிவேலுக்கு அந்த இடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றுகொண்டார். பிறகு அவர் சொன்னதை, அவரே பிற்பாடு பலமுறை நினைத்து வெட்கப்பட்டார்.

"நீ கவலப்படாத பாப்பா. கேசுல வயசு நாப்பதுன்னு இருக்கு. அப்பா பேரு இல்ல. அது வேற ஆளுன்னு எழுதி அனுப்பிடறேன். வேலை முடிஞ்சிது."

"அந்த வேற ஆளு யாரு சார்?"

அவர் ஹெல்மெட்டைத் தேடி எடுத்தார்.

"அப்படி ஒருத்தங்க இல்லைன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரிஞ்சிபோச்சி. உள்ள போன பெறகும் விசாரிச்சிக்கிட்டேதான் இருப்பாங்களாம் சார். என்னைக்காவது ஒரு நாள் இது வெளிய வரும். அன்னைக்கி கேசு ஒண்ணும் பெருசா இருக்காது. நான் மறைச்சேன்ங்கறதுதான் இருக்கும். அப்படி ஒருத்திய யாரு நம்பி உள்ள வச்சிருப்பாங்க?" அவள் அவரை நேராகப் பார்த்தாள். "அன்னைக்கி நான் பரீட்சை எழுதிக்கிட்டு இருந்தேன் சார். நீங்க என்னா பாத்தீங்களோ அத எழுதுங்க. பாக்காதத எழுதாதீங்க. அது போதும்."

வண்டியை எடுத்துக்கொண்டு வந்தவருக்கு வழி நெடுக அந்தக் கடைசி வார்த்தைதான். முப்பத்தேழு வருடத்தில் மேலதிகாரிகள் அவரை வாயில் வராத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டியிருக்கிறார்கள். எதுவும் இப்படித் தைத்ததில்லை.

மூன்று நாள் தாள் மேசையில் கிடந்தது. இளவரசு உண்மையான அக்கறையோடு சொன்னான்: "ஐயா, வேற ஆளுன்னு போட்டுட்டுப் போவீங்களா! அந்தப் பொண்ணு என்னா குண்டு வைக்கவா போவுது? நல்ல புள்ளன்னு ஊருக்கே தெரியும்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. பழனிவேலுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நல்ல பிள்ளை என்று தெரிந்து ஒரு பொய்யை எழுதினால், நல்லவனா கெட்டவனா என்று தெரியாத அடுத்த ஆளுக்கும் கை அதே சுலபத்தில் எழுதும். தொட்டி நிழலில் நின்று பத்தாவது பேரை எழுதிய கையும் இதே கைதான். அன்று பார்க்காமல் ஒருத்தியைக் குற்றவாளி ஆக்கியாயிற்று, இன்று இல்லாத ஒருத்தியைப் பிறப்பிக்கச் சொல்கிறார்கள்.

நாலாம் நாள் அண்ணாமலை நகருக்குப் போனார். விடுதிப் பதிவேட்டில் அந்தத் தேதியைத் தேடினார். தேர்வுப் பிரிவில் காத்திருந்து, அன்றைய வருகைத் தாளில் அவள் போட்ட கையெழுத்தின் நகலை வாங்கினார். திரும்பி வந்து அறிக்கையை எழுதினார். மேற்படி வழக்கில் உள்ள பத்தாவது நபர் இந்த விண்ணப்பதாரர்தான். சம்பவ நாளில் அவர் அங்கே இல்லை, தேர்வு எழுதிக்கொண்டிருந்தார். அவர் பேரை அவரைப் பார்க்காமலும் விசாரிக்காமலும், எண்ணிக்கைக்காகக் கேட்டு வாங்கி, வயதையும் கற்பனையாக எழுதியவன் நான். வழக்கு இருப்பது அவருக்குத் தெரியாது.

ஆய்வாளர் ஸ்ரீமதி அதை இரண்டு முறை படித்தார். அவருக்குப் பழனிவேலின் மகள் வயதுதான் இருக்கும்.

"சார், இத நான் மேல அனுப்பினா மொதல்ல உங்களுக்குத்தான் சார்ஜ் மெமோ வரும். உங்களுக்கு அஞ்சு மாசம்தான இருக்கு?"

"தெரியும் மேடம்."

"அந்த நான்ங்கற வரிய மட்டும் எடுத்துடலாமே."

"அத எடுத்துட்டா, பேரு தானா வந்து உக்காந்த மாதிரி ஆயிடும் மேடம்."

ஸ்ரீமதி பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

துறை விசாரணைக்கான மெமோ ஆகஸ்டில் வந்தது. வெண்மதிக்கும் ஒரு கடிதம் வந்தது: விசாரணை முடிவு தெரியும் வரை அவளுடைய நியமனம் நிறுத்திவைக்கப்படுகிறது. அவளோடு தேர்வான மற்றவர்கள் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுடைய படங்களைக் கைபேசியில் பார்த்துவிட்டு அவள் காலையில் தாயோடு நடவுக்குப் போனாள் என்று யாரோ வந்து சொன்னார்கள். பழனிவேல் அன்று சாப்பிடவில்லை.

ராஜாமணிக்கு விஷயம் தெரிந்தபோது வீடே அதிர்ந்தது. துறையில் ஓய்வு பெறுகிறவரை மாலை போட்டு, அதிகாரியின் ஜீப்பில் ஏற்றி, வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். விசாரணை நிலுவையில் இருந்தால் ஓய்வே கிடையாது. ஆணையை நிறுத்திவிடுவார்கள். போலீஸாகவும் இல்லாமல், ஓய்வு பெற்றவராகவும் இல்லாமல் நடுவில் தொங்கவேண்டியதுதான்.

"ஊரு ஒலகத்துல ஒங்களாட்டம் யாரும் பேரு எழுதலியா? நீங்க மட்டும் என்னாங்க அரிச்சந்திரன் வூட்டுப் புள்ளயா?" என்று அழுதாள்.

"எல்லாரும் எழுதுனதுதான். அதனாலதான் அது சரின்னு நெனச்சிட்டேன்" என்றார் அவர்.

அவளுக்காகத்தான் அவர் மனம் ஆட்டம் கண்டது. துறை விசாரணைகளில் உதவி செய்து பழகிய, ஓய்வுபெற்ற எழுத்தர் ராஜவேல் அவருக்கு வழி சொல்லித் தந்தார். "நீ பேரு கேக்கவே இல்லன்னு சொல்லு. அந்தம்மாவா முன்வந்து மகள் பேரக் குடுத்துது, நீ நம்பிட்ட. அது கவனக்குறைவு. சின்னத் தண்டனையோட போயிடும். நவம்பர்ல நீ வீட்டுக்குப் போயிடலாம்."

"அந்தம்மா மேல பொய்த் தகவல் குடுத்ததா வருமே."

"வரும்."

"அப்பறம் அந்தப் புள்ளயோட ஃபைல்ல, தாய் மேல கேசுன்னு ஒண்ணு ஏறும்."

ராஜவேல் தோளைக் குலுக்கினார். "நீ ஒன்னப் பாரு பழனி."

அன்றிலிருந்து விசாரணை நாள் வரை, கேட்கவில்லை என்று சொல்வதா கேட்டேன் என்று சொல்வதா என்று பழனிவேல் மாறி மாறி முடிவு செய்துகொண்டிருந்தார். வீட்டுக்குப் போனால் ராஜாமணியின் முகம். ஸ்டேஷனுக்கு வந்தால் அந்தப் பெண்ணின் வார்த்தை. மனிதர் இளைத்துப்போனார்.

அக்டோபரில் கடலூரில் விசாரணை. விசாரணை அதிகாரியான டி.எஸ்.பி., தட்டச்சு செய்ய ஓர் எழுத்தர், மேசைக்கு இந்தப் பக்கம் பழனிவேல். சாட்சியாகத் தைலம்மாளை அழைத்திருந்தார்கள். வெண்மதி அவளைக் கூட்டிவந்து வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள்.

இதன் பிறகு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். டிசம்பரில் வெண்மதியின் பேர் வழக்கிலிருந்து நீக்கப்பட்டது, அடுத்த அணியோடு அவள் கல்பாக்கத்தில் சேர்ந்தாள். பழனிவேலின் ஓய்வு ஆணை வரவில்லை, இந்த மாதம் வரை வரவில்லை. இரண்டும் அந்த அறையில் கால்மணி நேரத்துக்குள் முடிவானவை.

தைலம்மாள் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். உங்களிடம் இவர் பத்துப் பேர் வேண்டும் என்று கேட்டாரா என்று டி.எஸ்.பி. கேட்டார்.

அவள் பழனிவேலை ஒரு பார்வை பார்த்தாள். தன் மகளுக்காகப் பரீட்சைத் தாளைத் தேடி அலைந்த மனிதர் என்பது அவளுக்குத் தெரியும். அவர் வேலைக்கு ஆபத்து என்பதும் தெரியும்.

"இல்லீங்க அய்யா. சாரு தங்கமான மனுஷன். அவரு ஒண்ணுமே கேக்கல. நானாத்தான் எம் மவ பேரக் குடுத்தேன். தப்பு எம்மேலதாங்க" என்றாள்.

எழுத்தர் தட்டச்சு செய்தார். ராஜவேல் சொல்லித் தந்ததை அப்படியே, யாரும் சொல்லித் தராமல், அவளே சொல்லிவிட்டாள். பழனிவேல் வாயைத் திறக்கத் தேவையில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

"குறுக்கு விசாரணை செய்ய உங்களுக்கு உரிமை இருக்கு. ஏதாவது கேக்கணுமா?" என்றார் டி.எஸ்.பி., கோப்பை மூடப்போகிற தோரணையில்.

பழனிவேல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஏம்மா, அன்னைக்கி ஒம்போது பேரு சொன்னதும் நான் என்னா சொன்னேன்?"

தைலம்மாள் வெளியே மரத்தடிப் பக்கம் பார்த்தாள்.

"சொல்லும்மா. ஒம் மவளுக்காகச் சொல்லு."

"இன்னும் ஒண்ணு சொல்லு, எனக்கு நேரமாவுதுன்னீங்க."

டி.எஸ்.பி. நிமிர்ந்தார். எழுத்தரின் கை நின்றது.

"நீ யாரு பேரு சொன்ன?"

"எம் மவ பேரு."

"அவ எங்க இருக்கான்னு கேட்டனா?"

"கேக்கலீங்க."

"வயசு கேட்டனா?"

"இல்லீங்க."

பழனிவேல் நாற்காலியை விட்டுவிட்டு அவள் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

"நோட்டுலேர்ந்து தலயத் தூக்கி, ஒன்ன ஒருவாட்டியாவது பாத்தனா?"

தைலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"தலய ஆட்டினா டைப் பண்ண முடியாதும்மா. வாயால சொல்லு" என்றார் பழனிவேல்.

"பாக்கலீங்க" என்றாள் அவள்.